பிரைவேட் ஈக்விட்டி, வென்ச்சர் கேபிடல் படிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பங்குச்சந்தைக்கு வெளியே, கம்பெனிகளில் நேரடியாகப் பணம் போட்டு லாபம் பார்க்கும் தொழில்கள்தான் பிரைவேட் ஈக்விட்டியும் வென்ச்சர் கேபிடலும். எம்பிஏ சேர்க்கை நேரத்தில் இந்தத் தலைப்பில் கேள்விகள் குவிந்துவிடுகின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பி.காம். கடைசி வருடம் படிக்கிறேன். பிரைவேட் ஈக்விட்டிக்கென்றே தனிப் பட்டப்படிப்பு இருக்கிறதா? (மாணவி, விருதுநகர்)

அப்படி ஒரு பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகளில் இது எம்பிஏ இரண்டாம் வருடத்தில் வரும் ஒரு விருப்பப் பாடம், அவ்வளவுதான். ஃபண்ட் (பலரிடம் திரட்டி முதலீடு செய்யும் பணம்) எப்படி அமைக்கப்படுகிறது, நிறுவனத்துக்கு எப்படி மதிப்புப் போடுகிறார்கள், ஒப்பந்தத்தில் என்ன இருக்கும், பணத்தை எப்படி வெளியே எடுக்கிறார்கள் என்பதோடு பாடம் முடிந்துவிடும். அந்த ஒரு பாடத்தை நம்பி யாரும் வேலைக்கு எடுப்பதில்லை. இன்வெஸ்ட்மென்ட் பேங்கிலோ, கன்சல்டிங்கிலோ, பெரிய ஆடிட் நிறுவனங்களின் டியூ டிலிஜன்ஸ் (வாங்கும் முன் கம்பெனியைச் சோதிக்கும் வேலை) பிரிவிலோ இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்தவர்களைத்தான் தேடுவார்கள். பி.காம். முடிப்பவருக்கு என் முதல் சிபாரிசு சிஏ. ஒரு கம்பெனியை வாங்கும் முன் அதன் கணக்கை நோண்டத் தெரியாவிட்டால் இந்தத் துறையில் பருப்பு வேகாது.

நவீன வென்ச்சர் கேபிடலின் முன்னோடி என்று சொல்லப்படும் ஜார்ஜ் டோரியோ ஒரு பேராசிரியர். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் அவர் நடத்திய பாடத்தின் பெயர் என்ன தெரியுமா? ‘உற்பத்தி’. ஆகவே பாடத்தின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

என் மகன் ஓர் ஆன்லைன் சான்றிதழ் படிப்பில் சேர இரண்டரை லட்சம் கேட்கிறான். ‘வேலை உறுதி’ என்கிறார்களாம். கட்டலாமா சார்? (தந்தை, திருப்பூர்)

கட்டாதீர்கள். ‘வேலை உறுதி’ என்பதை எழுத்தில் தரச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறிவிடும். தம்பிக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், சிஎஃப்ஏ என்ற நிதி ஆய்வாளர் தேர்வின் மூன்றாம் நிலையில் 2025 முதல் பிரைவேட் மார்க்கெட்ஸ் என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். மாற்று முதலீடுகளுக்கென்றே (வழக்கமான பங்கு, கடன்பத்திரம் அல்லாதவை) உள்ள சிஏஐஏ சான்றிதழில் இரண்டு நிலைத் தேர்வுகள். பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி தொடங்கிய என்ஐஎஸ்எம் என்ற பயிற்சி நிறுவனமும் இந்த ஃபண்டுகளை நிர்வகிப்பவர்களுக்கான தேர்வை நடத்துகிறது. வீட்டில் உட்கார்ந்து அதற்குப் படித்தாலே சட்டதிட்டங்கள் ஓரளவு பிடிபட்டுவிடும்.

பிரைவேட் ஈக்விட்டியும் வென்ச்சர் கேபிடலும் ஒன்றா, வேறா? வகுப்பில் குழப்புகிறார்கள்.

இரண்டுமே பங்குச்சந்தைக்கு வெளியே நடக்கும் முதலீடு என்பதால் வரும் குழப்பம் இது. மாற்று முதலீட்டு ஃபண்டுகளுக்கான செபியின் 2012 விதிமுறைகளில் வென்ச்சர் கேபிடல் ஃபண்ட் முதல் பிரிவில் வரும், பிரைவேட் ஈக்விட்டி ஃபண்ட் பொதுவாக இரண்டாம் பிரிவில் வரும். நடைமுறையில் பார்த்தால், வென்ச்சர் முதலீட்டாளர் இளம் கம்பெனிகள் பலவற்றில் சிறு பங்கு வாங்குவார். பாதிக்கு மேல் தேறாமல் போனாலும் ஒன்றிரண்டு எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடும் என்பதுதான் கணக்கு. டோரியோவின் ஏஆர்டி என்ற வென்ச்சர் நிறுவனம் 1957-ல் கணினி தயாரிக்கும் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் 70,000 டாலர் போட்டது. அந்தப் பங்கின் மதிப்பு பின்னாளில் 35 கோடி டாலரைத் தாண்டியது. பிரைவேட் ஈக்விட்டிக்காரர் நன்றாக ஓடும் கம்பெனியில் பெரும் பங்கையோ முழுவதையுமோ வாங்கி, நிர்வாகத்திலும் கை வைப்பார்.

நம்மூர் உதாரணம் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனி. 2010-ல் சென்னையில் தொடக்கம், 2011-ல் ஆக்செல் என்ற வென்ச்சர் நிறுவனம் போட்ட 10 லட்சம் டாலர், 2021-ல் நாஸ்டாக் பட்டியல். அதே சென்னையில் வளர்ந்த ஸோஹோ வென்ச்சர் பணம் வாங்காமலே பெரிதானது. பாடத்திட்டத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் நன்றாக இருக்கும், யாரும் செய்வதில்லை.

எங்கள் பாடத்தில் பாதி எல்பிஓ (பெரும்பாலும் கடன் வாங்கி ஒரு கம்பெனியை வாங்குவது). இந்தியாவில் அது நடக்கவே நடக்காது என்று பேராசிரியரே சொல்கிறார். பிறகு ஏன் படிக்க வேண்டும்? (எம்பிஏ மாணவர், கோவை)

உங்கள் பேராசிரியர் சொல்வது முக்கால்வாசி சரி. கேகேஆர் என்ற அமெரிக்க பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம் 1988-ல் சிகரெட், பிஸ்கட் கம்பெனியான ஆர்ஜேஆர் நபிஸ்கோவைச் சுமார் 2,500 கோடி டாலருக்குப் பேசி முடித்தபோது, விலையில் பெரும்பகுதி கடன். வாங்கப்படும் கம்பெனியின் சொத்தும் வருமானமுமே அந்தக் கடனுக்குப் பொறுப்பு. இங்கே 2013 கம்பெனிகள் சட்டத்தின் 67-வது பிரிவு, ஒரு பப்ளிக் கம்பெனி தன் சொந்தப் பங்கை வாங்குபவருக்குக் கடனோ உத்தரவாதமோ கொடுப்பதைத் தடுக்கிறது. பங்கு வாங்கி கம்பெனியைக் கைப்பற்றுவதற்கு நம் வங்கிகள் கடன் கொடுப்பதையும் ரிசர்வ் வங்கி நெடுங்காலம் கட்டுப்படுத்தியே வைத்திருந்தது. 2025 அக்டோபரில்தான் அதைத் தளர்த்தும் யோசனையை அறிவித்தது. இதனால்தான் இங்கே கடன்பத்திரம், வெளிநாட்டுக் கடன் என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டியிருந்தது.

ஆனாலும் எல்பிஓ மாடலை எக்செலில் போட்டுப் பழகுங்கள். எந்த வருடம் எவ்வளவு கடன் அடைகிறது, வட்டி போக என்ன மிஞ்சுகிறது என்பது அதில்தான் கைக்கு வரும். நேர்முகத் தேர்விலும் அதைத்தான் கேட்பார்கள்.

‘லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ்’ மட்டும் எத்தனை முறை படித்தாலும் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது. (மாணவர், திருச்சி)

கம்பெனி விலைபோகும்போது யார் முதலில் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்ற நிபந்தனைதான் இது. பேப்பரும் பேனாவும் எடுங்கள். கம்பெனியின் மதிப்பு 8 கோடி என்று பேசி, முதலீட்டாளர் 2 கோடி போடுகிறார். இப்போது மதிப்பு 10 கோடி, அவர் பங்கு 20 சதவீதம். மூன்று வருடம் கழித்துத் தொழில் படுத்து, கம்பெனி 6 கோடிக்கு விலைபோகிறது.

சாதாரணப் பங்காக இருந்தால் அவருக்கு 1.2 கோடி, நிறுவனர்களுக்கு 4.8 கோடி. ஆனால் இந்தியாவில் இவர்கள் வாங்குவது பெரும்பாலும் கட்டாயம் மாற்றத்தக்க முன்னுரிமைப் பங்கு (பணம் பிரிக்கும்போது முன்னால் நிற்பது, பின்னால் சாதாரணப் பங்காக மாறுவது). ‘ஒரு மடங்கு, நான்-பார்டிசிபேட்டிங்’ என்று எழுதியிருந்தால், போட்ட 2 கோடியையும் முதலில் எடுத்துக்கொள்வார், நிறுவனர்களுக்கு 4. ‘பார்டிசிபேட்டிங்’ என்றிருந்தால், 2 கோடியை எடுத்த பிறகு மிச்சம் 4 கோடியிலும் 20 சதவீதம் கேட்பார். ஆக அவருக்கு 2.8, நிறுவனர்களுக்கு 3.2.

இதே கம்பெனி 50 கோடிக்குப் போனால்? முதல் வகைக்காரர் முன்னுரிமையை விட்டுவிட்டு 20 சதவீதமாகவே 10 கோடி வாங்குவார். இரண்டாம் வகைக்காரருக்கு 2 கோடியும் மிச்சம் 48-ல் 20 சதவீதமும் சேர்ந்து 11.6 கோடி. நல்ல விலை கிடைக்கும்போது இந்த ஒரு வார்த்தை பெரிதாக வலிக்காது, அடிமாட்டு விலைக்கு விற்கும்போதுதான் சுடும். அப்புறம் ஒன்று: விஷயம் திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டால் கடன்காரர்களுக்குப் பிறகுதான் இந்த முன்னுரிமையெல்லாம்.

ஐஆர்ஆர், மடங்கு: எதை நம்புவது?

ஐஆர்ஆர் என்பது வருடத்துக்கு எத்தனை சதவீத வருமானம் என்பது, மடங்கு என்பது போட்ட பணம் எத்தனை மடங்கானது என்பது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பணம் மூன்று வருடத்தில் இரட்டிப்பானால் ஐஆர்ஆர் சுமார் 26 சதவீதம், ஏழு வருடத்தில் என்றால் பத்தரைகூட வராது. ஆனால் இரண்டிலும் மடங்கு அதே இரண்டுதான்.

பிராஜெக்ட்டுக்கு இந்த டீல்களின் விவரம் எங்கே கிடைக்கும்? எல்லாம் ரகசியம் என்கிறார்களே. (ஆய்வு மாணவி, மதுரை)

சென்னையின் வென்ச்சர் இன்டெலிஜென்ஸ், பெங்களூரின் டிராக்ஸன் போன்றவை தொகுத்து விற்கின்றன. உங்கள் நூலகத்தில் சந்தா இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஐபிஓ-வுக்கு (பொதுமக்களுக்கு முதல் முறை பங்கு விற்பது) வரும் கம்பெனிகள் தாக்கல் செய்யும் வரைவு ஆவணம் செபி தளத்தில் இலவசம். அதில் ‘கேபிடல் ஸ்ட்ரக்சர்’ அத்தியாயத்துக்கு நேராகப் போங்கள். கம்பெனி பிறந்த நாளிலிருந்து எந்தத் தேதியில், யாருக்கு, எத்தனை பங்கு, என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்று வரிசையாக இருக்கும். பல கோடி ரூபாய் டீலின் வரலாறு ஒரு அட்டவணையில் கிடக்கிறது, மாணவர்கள் முன்னுரையைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நடுவில் போனஸ் பங்கோ, பங்குப் பிரிப்போ வந்திருந்தால் பழைய விலையைச் சரிசெய்யாமல் ஒப்பிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: ஐபிஓ வரை வந்தவர்கள் எல்லாம் ஜெயித்தவர்கள். அவர்களை மட்டும் வைத்து ‘வென்ச்சர் முதலீடு லாபகரமானது’ என்று எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். ஒப்பந்தங்களை ஆராய நினைத்தால் ஸ்டீவன் காப்லான், பெர் ஸ்ட்ரோம்பெர்க் இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 213 முதலீடுகளின் ஒப்பந்தங்களை எடுத்து, லாபப் பங்கு, ஓட்டு, போர்டு இடம் ஆகியவற்றை எப்படித் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்று காட்டினார்கள். நம் ஊர் டீல்களில் முப்பதை அதே முறையில் பார்த்தாலும் நல்ல ஆய்வேடு தேறும்.

என்னிடம் 50,000 ரூபாய் இருக்கிறது. அனுபவத்துக்காக ஒரு வென்ச்சர் ஃபண்டில் போட முடியுமா? (மாணவர், சேலம்)

முடியாது தம்பி. பொதுவாக ஒருவர் குறைந்தது ஒரு கோடி ரூபாய் போட வேண்டும் என்பது செபி விதி. அந்த ஃபண்டிலேயே வேலை பார்ப்பவர்களுக்குக்கூட 25 லட்சம். அனுபவம்தான் வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது: கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் ஒரு கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்க 100 ரூபாய்தான். உங்களுக்குப் பிடித்த ஸ்டார்ட்அப் பத்தின் பெயரை எழுதி, ஆயிரம் ரூபாய் செலவழித்து, பங்கு ஒதுக்கீட்டுப் படிவங்களை இறக்கிப் படியுங்கள். மிச்சத்தை பேங்கில் போட்டுவையுங்கள்.