கம்பாலாவில் படிக்கப் போகிறவர்களுக்கு: இந்த முறை வந்த கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உகாண்டாவைப் பற்றித்தான். நான் முதுகலை படித்தது அதன் தலைநகர் கம்பாலாவில் என்பதால் அவற்றையே எடுத்துக்கொண்டேன்.

ஆப்பிரிக்காவில் படிக்க மொத்தம் எவ்வளவு செலவாகும்? (கோவை)

54 நாடுகள் இருக்கிற கண்டம் அது. எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு? மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன்.

மஞ்சள் காமாலைக்கு ஊசி போட்டாயிற்று. விமான நிலையத்தில் அது போதும்தானே? (திருச்சி)

போதாது. நீங்கள் போட்டுக்கொண்டது ஹெபடைடிஸ் தடுப்பூசியாக இருக்கும். உகாண்டா கேட்பது யெல்லோ ஃபீவர் தடுப்பூசி. அது கொசுவால் பரவும் வேறு நோய். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், சென்னைத் துறைமுக சுகாதார அலுவலகம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடங்களில் மட்டும்தான் போடுவார்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். ஊர் திரும்பும்போது நம் நாட்டு அதிகாரிகளும் ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். அட்டை கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம்.

மகள் சுத்த சைவம். அங்கே என்ன சாப்பிடுவாள்? (கும்பகோணம்)

நன்றாகவே சாப்பிடுவாள். வாழைக்காயை இலையில் பொதிந்து அவித்து மசித்த மடோக்கே, மக்காச்சோள மாவில் கிண்டும் போஷோ, பீன்ஸ் குழம்பு, நிலக்கடலைக் குழம்பு எல்லாம் எங்கேயும் கிடைக்கும். சப்பாத்தியும் தெருவுக்குத் தெரு உண்டு. 'ரோலெக்ஸ்' என்று விற்பதில் மட்டும் முட்டை இருக்கும். காலோ என்று ஒன்று தருவார்கள், கேழ்வரகுக் களியேதான். கேழ்வரகின் பூர்வீகமே எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலங்கள்தான். முதல் தடவை அதைத் தட்டில் பார்த்தபோது எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம், உணவைவிட முக்கியம்: கொசுவலை எடுத்துப் போகிறாளா?

மலேரியா மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று மகன் நிறுத்திவிட்டான். அங்கிருப்பவர்கள் யாரும் மாத்திரை சாப்பிடுவதில்லையாமே? (மதுரை)

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை, ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சிறு வயதிலிருந்து பலமுறை மலேரியா வந்து ஓரளவு தாங்கும் சக்தி பெற்றவர்கள். அந்தச் சக்தி வருவதற்குள் ஐந்து வயதுகூட ஆகாத எத்தனையோ குழந்தைகள் இறந்துபோகிறார்கள். உங்கள் மகனுக்கு அந்தச் சக்தி கிடையாது. அங்கே பெரும்பாலும் வருவது ஃபால்சிபாரம் வகை. மூளையைத் தாக்கினால் ஒன்றிரண்டு நாளில் ஆளையே கொண்டுபோய்விடும்.

ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு உண்டு. டாக்ஸிசைக்ளின் தினமும் எடுப்பது, மெஃப்ளோகுயின் வாரம் ஒருமுறை. எது சரி, எத்தனை மாதம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். பழைய குளோரோகுயின் அங்கே உதவாது. டாக்ஸிசைக்ளினை வெறும் வயிற்றில் விழுங்கினால் புரட்டத்தான் செய்யும்; சாப்பிட்டபின், நிறையத் தண்ணீரோடு விழுங்கச் சொல்லுங்கள். ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். பலர் விமானம் ஏறியதுமே நிறுத்திவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் நிறுத்தினேன். முதல் விடுமுறைக்கு வந்த 12ஆம் நாள் குளிர் காய்ச்சல். போன மருத்துவமனையில் வைரல் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினார்கள். எங்கிருந்து வந்தாய் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அம்மாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. வேறொரு மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்ததால் பிழைத்தேன். அதனால் சொல்கிறேன்: திரும்பி வந்து மூன்று மாதத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் வாயைத் திறந்து முதலில் சொல்ல வேண்டியது 'நான் உகாண்டாவிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியா டெஸ்ட் எடுங்கள்'. அங்கே இருக்கும்போது காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே டெஸ்ட். இரவில் கொசுவலை, மாத்திரை சாப்பிட்டாலும் கொசுவலை.

அங்கே மருத்துவம் படித்துவிட்டு இந்தியாவில் டாக்டராக முடியுமா? ஏஜென்ட் முடியும் என்கிறார். (சேலம்)

ஏஜென்ட் சொல்வதை விடுங்கள், தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளைப் படியுங்கள். நீட் தேர்ச்சி, ஆங்கில வழியில் 54 மாதம், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, படித்த நாட்டில் மருத்துவராகப் பதிவு செய்யும் தகுதி. இதில் ஒன்று குறைந்தாலும் பணம் கட்டாதீர்கள். இங்கே வந்தபின் தகுதித் தேர்வும் இன்னொரு வருடப் பயிற்சியும் உண்டு.

கையில் டாலர் எப்படிக் கொண்டுபோவது? (நாகர்கோவில்)

புதிய 100 டாலர் நோட்டுகளாக. பழைய நோட்டு, சின்ன நோட்டு என்றால் மாற்றுகிறவர்கள் விலையைக் குறைப்பார்கள். கிழிந்ததை வாங்கவே மாட்டார்கள். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 3,600 ஷில்லிங். போனதும் பாஸ்போர்ட் காட்டி சிம் வாங்கி மொபைல் மணி (அந்த எண்ணிலேயே பணம் போட்டு எடுக்கும் கணக்கு) திறந்துகொள்ளுங்கள். 'தவறுதலாகப் பணம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்பு' என்று யார் கூப்பிட்டாலும் அனுப்பாதீர்கள்.

கல்லூரிக்கு போடா போடாவில் (வாடகை மோட்டார் சைக்கிள்) போகலாமா? (தஞ்சாவூர்)

ஹெல்மெட் கொடுத்தால் பகலில் போகலாம். இரவில், மழையில் வேண்டாம்.

ஆங்கிலம் போதும்தானே? (ஈரோடு)

வகுப்புக்குப் போதும். ஆனால் கடையில் போய் நின்றதும் 'அது எவ்வளவு' என்று தொடங்காதீர்கள். அங்கே அது மரியாதைக் குறைவு. முதலில் நலம் விசாரிக்க வேண்டும். அங்கே பேசும் லுகாண்டா மொழியில் ஆணை அழைக்க செபோ, பெண்ணை அழைக்க ஞாபோ, நன்றிக்கு வெபாலே. இந்த மூன்று சொல்லுக்கே முகம் மலரும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். லுகாண்டாவில் மணி சொன்னால், நம் பழைய நாழிகைக் கணக்கைப் போல விடியலிலிருந்து எண்ணுவார்கள். அவர்கள் இரண்டு மணி என்றால் நமக்குக் காலை எட்டு. வண்டி பேசும்போது எந்தக் கணக்கு என்று கேட்டுவிடுங்கள்.