நகைச்சுவைத் தொடரில் பிறந்த தேற்றம்

கேள்வி: அறிவியல் புனைகதைகள் பல கண்டுபிடிப்புகளுக்கு முன்னோடியாக இருந்தன என்கிறார்கள். சிரிக்க வைப்பதற்கென்றே எழுதப்பட்டவற்றால் உண்மையான அறிவியலுக்கு ஏதேனும் கிடைத்திருக்கிறதா?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: கிடைத்திருக்கிறது. ஆனால் பெயர் கிடைத்ததையும் அறிவு கிடைத்ததையும் பிரித்துப் பார்க்க வேண்டும். டக்ளஸ் ஆடம்ஸ் 1978ஆம் ஆண்டு பி.பி.சி. வானொலிக்கு எழுதிய நகைச்சுவைத் தொடரில் 'டீப் தாட்' என்றொரு மாபெரும் கணினி வருகிறது. பின்னாளில் சதுரங்கம் ஆடும் கணினி ஒன்றுக்கு அதே பெயரைச் சூட்டினார்கள். 1997இல் உலகச் சதுரங்க வாகையர் காஸ்பரோவை வென்ற 'டீப் புளூ' அதன் வழிவந்ததுதான். ஆயினும் அந்தக் கணினி காய் நகர்த்தக் கற்றது ஆடம்ஸின் கதையிலிருந்து அன்று. எனவே இதை நான் பங்களிப்பில் சேர்க்க மாட்டேன்.

தயங்காமல் சேர்க்கக்கூடியது, 'ஃபியூச்சராமா' என்ற அமெரிக்க அனிமேஷன் தொடரில் 2010 ஆகஸ்டில் ஒளிபரப்பான ஒரு கதை. இருவரின் மனங்களை உடல் மாற்றி வைக்கும் இயந்திரம் ஒன்று அதில் வருகிறது. ஒருமுறை மாற்றிக்கொண்ட அதே இரண்டு உடல்களுக்கிடையே மறுபடி மாற்றம் செய்ய முடியாது என்பது அதன் விதி. ஒருவர் பின் ஒருவராகப் பலர் அதில் சிக்கிக்கொண்ட பிறகு, அனைவரும் சொந்த உடலுக்குத் திரும்ப வழி உண்டா? கதையை எழுதிய கென் கீலர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். விதியைச் சற்றே தளர்த்திக் கதையை முடித்திருந்தாலும் பார்வையாளர்கள் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, எத்தனை பேர் எப்படி மாறிக் கிடந்தாலும், இயந்திரத்தில் அதுவரை ஏறாத இரண்டு பேர் உதவிக்கு வந்தால் போதும் என்பதை நிரூபித்து, அந்த நிரூபணத்தைத் திரையிலேயே எழுதிக் காட்டினார்.

தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நீங்களே செய்து பார்க்கலாம். குமரனும் வேலனும் மாறிக் கிடக்கிறார்கள். மாலாவும் நீலாவும் உதவிக்கு வருகிறார்கள் எனக் கொள்வோம். இங்கே பெயர்கள் உடல்களைக் குறிக்கின்றன. முதலில் குமரன்–மாலா, அடுத்து வேலன்–நீலா, பிறகு குமரன்–நீலா, அதன்பின் வேலன்–மாலா, இறுதியில் மாலா–நீலா என்று மாற்றினால், ஐந்தே மாற்றங்களில் நால்வரும் தத்தம் உடலில் இருப்பார்கள்; எந்த இணையும் இருமுறை வராது, தடைபட்ட குமரன்–வேலன் இணையைத் தொடவும் வேண்டியதில்லை.

ஆள்மாறாட்டக் கதையில் சிக்கல் கூடக் கூடத்தான் சிரிப்பும் கூடும். அந்தச் சிக்கலையே கணிதம் வரிசைமாற்றம் என்ற பெயரில் ஆராய்கிறது. அதனால்தான் சிரிப்புக்காக வகுத்த ஒரு விதி, இத்தகைய மாற்றங்களை ஆராயும் கணிதப் பிரிவான குலக் கோட்பாட்டில் எவரும் மதிக்கத்தக்க கேள்வியாயிற்று. கணிதத்தைப் புரட்டிப்போட்ட தேற்றம் என்று இதைச் சொல்ல முடியாதுதான். ஆனால் சரியான தேற்றம். 'அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மந்த்லி' இதழில் 2014ஆம் ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று கீலரின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கி, மாற்றங்களின் எண்ணிக்கையை எவ்வளவு குறைக்கலாம் என்று ஆராய்ந்தது.

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1948இல், நீர் ஊற்றுவதற்கு முன்பே கரைந்துவிடும் 'தயோடிமொலின்' என்ற கற்பனைப் பொருளைப் பற்றி ஆய்வுக் கட்டுரையின் நடையில் எழுதியதையும் சிலர் இந்த வரிசையில் வைப்பார்கள். அங்கே கொடுக்கல் வாங்கல் எதிர்த்திசையில் நடந்தது: முனைவர் பட்ட ஆய்வில் அவர் கையாண்ட கேட்டிகால் என்ற வேதிப்பொருள் நீரைத் தொட்டதுமே கரைந்ததைக் கண்டுதான் அக்கற்பனை அவருக்குத் தோன்றியது.

குமரன், வேலனோடு மூன்றாவதாக ஒருவரும் மாறிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்பதையும் முயன்று பாருங்கள். அப்போதும் மாலாவும் நீலாவுமே போதும்.