வாசகர் கேள்வி–பதில்: ஈரம் காயாத மூலைக்கு அழகுக் கோரை

கேள்வி: எங்கள் பின்வளவில் கூரைப்பீலித் தண்ணீர் விழும் மூலையில் ஈரம் காய்வதே இல்லை. அங்கே நட்ட செவ்வரத்தையும் குரோட்டனும் வேரழுகிப் பட்டுப்போயின. அழகுக் கோரை வைக்கலாம் என்கிறார்கள். கோரை வளவெங்கும் பரவிவிடாதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் புற்றரையைப் பாழாக்கும் கோரை, மண்ணுக்குள் கிழங்குகளைக் கோத்துக்கொண்டே செல்லும் சைபிரஸ் ரொட்டுண்டஸ் என்னும் களையாகும். உங்களுக்கு ஏற்றது அதே பேரினத்தைச் சேர்ந்த, மடகஸ்காரையும் ஆப்பிரிக்காவையும் தாயகமாகக் கொண்ட குடைக்கோரை. அது புதராகத் திரண்டு ஒரு மீற்றருக்கு மேல் உயர்ந்து, முக்கோணத் தண்டின் உச்சியில் இலைகளைக் குடைபோல விரிக்கும். வேரடியில் நீர் நின்றாலும் அழுகாது என்பதால், மே மாதத் தென்மேல் பருவமழையும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழையும் கொட்டும் கொழும்புக்கு இதைவிடப் பொருத்தமான செடியை என்னால் எளிதில் சொல்ல முடியாது.

அரைநாள் வெயிலாவது படும் இடமாகப் பார்த்து, மண்ணை ஓர் அடி ஆழம் கொத்திக் கூட்டெருவைக் கலந்து, இரண்டடி இடைவெளியில் நடுங்கள். கன்று வாங்கவும் வேண்டியதில்லை. முற்றிய தண்டின் குடைப்பகுதியை வெட்டி, இலைகளைப் பாதியாகக் குறைத்து, தலைகீழாக நீரில் மிதக்கவிட்டால் சில வாரங்களில் வேர்விடும். அந்த நீரை மூன்று நாளுக்கொரு முறை மாற்றிப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், ஏனெனில் டெங்கு நுளம்பு இத்தகைய தெளிந்த நீரிலேயே முட்டையிடுகிறது. பீலியடியில் நீர் தேங்கும் குழிகளையும் மண்ணிட்டு நிரப்புங்கள். கோரைக்கு ஈரமண்ணே போதும், குளம் தேவையில்லை.

பழுத்த தண்டுகளை அடியோடு வெட்டி, புதர் அகன்றால் மழைக்காலத் தொடக்கத்தில் பிரித்து நடுங்கள். குடைக்கோரை வேரால் மட்டுமன்றி விதையாலும் பரவக்கூடியது என்பதால், பூங்கொத்துகள் பழுப்பேறுமுன் நறுக்கிவிடுங்கள். கழித்தவற்றைக் கால்வாயில் மட்டும் எறியாதீர்கள். 2018 இல் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற கொழும்பின் சதுப்புகளில் வெளிநாட்டுச் செடியொன்று வேரூன்ற நாம் காரணமாகக் கூடாது.

கேள்வி: படங்களில் காணும் மஞ்சள் கோடிட்ட ஜப்பானியக் கோரை கொழும்பில் வளருமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: அது கெரெக்ஸ் என்னும் வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது, குளிர்ந்த காலநிலைக்கே உரியது. கொழும்பின் வெக்கையில் அது செழிக்காது. சிறிய செடிதான் வேண்டுமென்றால், வெள்ளை நட்சத்திரம் போன்ற பூவடி இலைகளைக் கொண்ட நட்சத்திரக் கோரையைத் தேடுங்கள். அது இரண்டடிக்கு மேல் உயராது, ஈரச் சட்டியிலேயே நன்றாக வளரும்.