ஓடும் மகளுக்குக் கால்வலி, நின்றுபோன மாதவிலக்கு

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, எடை 42 கிலோ. 1500, 3000 மீட்டர் ஓடுகிறாள். நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். விடியற்காலையில் பைக்கில் கூடவே போய் நேரம் குறிப்பேன். வாரத்தில் 6 நாள், மொத்தம் 70 கி.மீ. மூன்று வாரமாக இடது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி என்கிறாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. நான்கு மாதமாக மாதவிலக்கும் வரவில்லை. கடுமையாக ஓடினால் அப்படித்தான் என்கிறார்கள். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. சத்து மாத்திரை கொடுக்கலாமா?
– ஒரு தந்தை, குடியாத்தம்

பதில்: மாத்திரை அப்புறம். முதலில் ஓட்டத்தை இன்றே நிறுத்துங்கள். அடுத்த மாதப் போட்டி வேண்டாம்.

கால்வலி, மாதவிலக்கு இரண்டையும் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம்: ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லை. ஒரு கி.மீ. ஓட, உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். உங்கள் மகள் நாளுக்கு 12 கி.மீ. ஓடினால் 500 கலோரி. நடுத்தர இட்லி ஒன்றில் 60 கலோரி என்று வைத்தால், ஓட்டத்துக்கு மட்டும் எட்டு இட்லி. அதுவும் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல். வாரக் கணக்கு 2,900 கலோரியைத் தாண்டும். இந்த வயதுப் பெண்ணின் ஒரு முழு நாள் தேவையே சுமார் 2,400தான். காபி குடித்துவிட்டு ஓடி, அவசரமாக இரண்டு இட்லியோடு பள்ளி பஸ் ஏறும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு எங்கே நேராகும்?

பற்றாக்குறை நீடித்தால் உடல் செலவைக் குறைக்கும். மூளை கருமுட்டைப் பைக்கு அனுப்பும் சமிக்ஞை தளர்ந்து, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து, மாதவிலக்கு நிற்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பும் வலுவிழக்கும். எலும்பு வேகமாகக் கெட்டிப்படும் வயது இது. இப்போது இழப்பதைப் பின்னால் முழுதாக ஈடுகட்ட முடியாமல் போகலாம். ‘ஓடுபவர்களுக்குச் சகஜம்’ என்று சொன்னவர்கள் அடிக்கடி நடப்பதைப் பார்த்திருக்கலாம். அடிக்கடி நடப்பதால் அது சரியாகிவிடாது.

இனி கால். எலும்பின் உள்விளிம்பில் நான்கைந்து விரல் அகலத்துக்குப் பரவலாக வலித்து, ஓட ஓடக் குறைந்தால் பெரும்பாலும் எலும்பு ஓரத்து அழற்சி. ஒரே புள்ளியில், ஒற்றை விரலால் அழுத்தும்போது சுரீரென்று வலித்து, ஓட ஓடக் கூடி, படுத்தாலும் விடவில்லை என்றால் மயிரிழை விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் இது எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், எம்ஆர்ஐயில் தெரியும். ஒற்றைக்காலில் குதிக்க வைத்து வீட்டில் சோதிக்காதீர்கள். வலி மாத்திரை போட்டு ஓட விடுவது அதைவிட மோசம், விரிசல் முழு முறிவாகலாம்.

வேலூரிலோ அருகிலோ எலும்பு மருத்துவரையும் மகளிர் மருத்துவரையும் பாருங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), வைட்டமின் டி, தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரப்பு ஹார்மோன்) பார்ப்பார்கள். கர்ப்பப் பரிசோதனையும் வழக்கமான பட்டியலில் உண்டு; சங்கடப்பட வேண்டாம். மாதவிலக்கை வரவழைக்க ஹார்மோன் மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். ரத்தப்போக்கு வரும், உண்மையான குறை வெளியே தெரியாமல் போகும், எலும்புக்குப் பயன் இராது.

விரிசல் என்றால் பொதுவாக 6 முதல் 8 வாரம் ஓய்வு. எலும்பின் முன்விளிம்பில் இருந்தால் இன்னும் அதிகம். வலியின்றி நடக்க முடிந்து, மருத்துவரும் சம்மதித்த பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஒருநாள் விட்டு ஒருநாள். பாலாற்று மணலில் தொடங்காதீர்கள். கெண்டைக்கால் சதைக்கும் குதிகால் தசைநாணுக்கும் பாரம் கூடும். இறக்கத்தில் ஓடுவதும் கூடாது. சமமான மண் தரை நல்லது. ஓட்டம் பழகிய பின்னும் வாரத்தில் இரண்டு நாள் முழு ஓய்வு, இரவில் குறைந்தது 8 மணி நேரத் தூக்கம். சித்திரை, வைகாசியில் 7 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

ஓடும் முன் ஒரு வாழைப்பழம். முடித்த ஒரு மணி நேரத்துக்குள் வயிறார டிபன், கூடவே முட்டை அல்லது சுண்டல். பள்ளிப் பையில் கடலை உருண்டை. கால்சியம் நாளுக்கு 1,000 மி.கி. வேண்டும்: ஒரு டம்ளர் பாலில் சுமார் 240, 100 கிராம் கேழ்வரகில் 350 கிடைக்கும். எடை குறைந்தால் வேகம் கூடும் என்ற பேச்சை அவள் காதில் போடாதீர்கள்.

ஸ்டாப் வாட்சை வேறொரு பயிற்சியாளரிடம் கொடுங்கள் என்பது என் கருத்து. நேரம் குறிப்பவரிடமே வலியைச் சொல்லப் பிள்ளைகள் தயங்குவார்கள்; மூன்று வாரம் என்று உங்களிடம் சொன்னது, அவளுக்கு ஆறு வாரமாகவும் இருந்திருக்கலாம். மாதவிலக்குத் தேதிகளை அம்மாவோ அக்காவோ குறித்து வரட்டும்.

சத்து மாத்திரை: ஃபெரிட்டின் குறைவு என்று தெரிந்தால் இரும்பு மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். அதைக் காபி, டீ, பாலோடு விழுங்கினால் உடலில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாற்றோடு கொடுக்கலாம். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.