செயலியை முடித்துவிட்டு எளிமையாக்கலாமா?

கேள்வி: சேலத்தில் நாங்கள் மூவர் சேர்ந்து, ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் தொழிலாளர்கள் பறிக்கும் பழத்தின் எடையையும் கூலியையும் கணக்கிடும் கைப்பேசிச் செயலி ஒன்றை எழுதி வருகிறோம். நவம்பரில் பறிப்பு தொடங்கிவிடும். முதலில் செயலியை முடித்துவிட்டு, பயன்பாட்டு எளிமையைப் பிறகு கவனிக்கலாமா?

பதில்: நீங்கள் ஒத்திவைப்பது பொத்தானின் நிறத்தையும் எழுத்தின் அளவையும் மட்டும் என்றால் தாராளமாக ஒத்திவைக்கலாம். ஆனால் பயன்பாட்டு எளிமை அத்துடன் நிற்பதில்லை. அது தரவுத்தளத்தின் அட்டவணை வரை இறங்கும்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் எடை என்று அட்டவணையை அமைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரே காலையில் ஒரு சாக்கும் மாலையில் ஒரு சாக்கும் கொண்டுவரலாம். கணவனும் மனைவியும் ஒரே சாக்கில் பறித்துவிட்டு, எடையை இருவர் பெயரிலும் பாதிப்பாதியாக எழுதச் சொல்லலாம். மேஸ்திரி தவறாகப் பதிந்ததை ரைட்டர் (தோட்டக் கணக்கர்) இரவில் திருத்த வேண்டியிருக்கலாம். இவை டிசம்பரில் தெரியவந்தால், திரையை மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது. அட்டவணை, கூலிக் கணக்கு, சம்பளப் பட்டியல், அதுவரை பதிந்த தரவு அனைத்தையும் கலைத்துக் கட்ட வேண்டும். மலைச்சரிவில் சிக்னல் கிடைக்காதபோது பதிவைக் கைப்பேசியிலேயே சேமிப்பதும் இத்தகைய அடித்தள முடிவுதான்.

பயனரைத் தொடக்கத்திலேயே கவனித்தல், அவர் செய்வதை அளந்து பார்த்தல், திருத்தித் திருத்தி வடிவமைத்தல் என்ற மூன்று நெறிகளைக் கணினிப் பயன்பாட்டு ஆய்வாளர்களான ஜான் கூல்டும் கிளேட்டன் லூயிசும் 1985இலேயே முன்வைத்துவிட்டார்கள். பறிப்பு இன்னும் தொடங்காததால் எடை போடுவதை நேரில் காண உங்களுக்கு வாய்ப்பில்லை. எனவே சென்ற பருவத்து எடை நோட்டை விரித்துவைத்து, ஒவ்வொரு அடித்தலையும் ஓரக் குறிப்பையும் மேஸ்திரியிடம் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் அட்டவணையில் விடுபட்டவை பெரும்பாலும் அந்த ஓரங்களில்தான் இருக்கும். பிறகு திரைகளைக் காகிதத்தில் வரைந்து அவரிடம் கொடுத்து, "12 கிலோ 400 கிராம், மனைவி பெயருக்கு மாற்று" என்பது போன்ற வேலைகளைச் சொல்லுங்கள். அவர் தடுமாறும்போது விளக்க முற்படாதீர்கள் (நிரல் எழுதியவருக்கு இதுவே மிகக் கடினம்).

எத்தனை பேரிடம் சோதிப்பது? 5 பேரிடம் சோதித்தாலே ஏறத்தாழ 85 சதவீதச் சிக்கல்கள் வெளிப்படும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். ஒருவர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களைக் காட்டிக்கொடுப்பார் என்ற கணக்கின் மேல் நிற்கும் மதிப்பீடு அது. ஒரே வகைப் பயனருக்கே பொருந்தும். ஆகவே மேஸ்திரிகளையும் ரைட்டர்களையும் ஒரே ஐவருக்குள் அடக்காமல் தனித்தனியே சோதியுங்கள்.

மாதிரிச் செயலி தயாரானதும், நனைந்த விரலால் எண்களை அழுத்தச் செய்து பாருங்கள். மூடுபனிக் காலத்தில் அவர்கள் கை அப்படித்தான் இருக்கும். பதிந்த எடை, தராசுக்கு எதிரே நிற்கும் பறிப்பவருக்கும் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள், ஏனெனில் கூலி அவருடையது.