58 என்/5: பழைய வடிகாலைத் தேடுகிறவருக்கு

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் குடவாசல் வட்டத்தில் சிறிய நில அளவை, வரைபட நிறுவனம் நடத்துகிறோம். இங்குள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று, பத்துக் கிராமங்களின் வாய்க்கால், வடிகால்களைப் பழையது, புதியது என இரண்டையும் ஒரே கைப்பேசிச் செயலியில் காட்டித் தரும்படி கேட்கிறது. அரசின் நிலத்தோற்ற வரைபடத் தாள்களான டோப்போ ஷீட்டுகளையும் பழைய வரைபடங்களையும் தனியார் நிறுவனம் வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா? எங்கே வாங்குவது? அவற்றை வைத்து வடிகால் ஆக்கிரமிப்பை நிரூபிக்க முடியுமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். டோப்போ ஷீட்டை மட்டும் வைத்து ஆக்கிரமிப்பை நிரூபிக்க முடியாது. உங்களிடம் வேலையைக் கொடுத்தவர்கள் மனத்தில் இருப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்பணம் வாங்கும் முன்பே இதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஏன் முடியாது, எதை வைத்து முடியும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: பயன்படுத்தலாம். இதே கேள்வியை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் நான் தலையைச் சொறிந்திருப்பேன். அப்போது நில எல்லையையும் கடற்கரையையும் ஒட்டி ஏறக்குறைய 80 கிலோமீட்டர் அகலப் பட்டைக்குள் வரும் பெரிய அளவுத்திட்ட வரைபடங்கள் எல்லாம் கட்டுப்படுத்தப்பட்டவை. நாகப்பட்டினம் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டர் அளந்து பாருங்கள், ஏறக்குறைய தஞ்சாவூரில் போய் நிற்கும். ஆக, டெல்டாவில் பெரும்பகுதி பூட்டுக்குள் இருந்தது. தன் வயலுக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்க்க விரும்பிய விவசாயிக்கும் அதே பூட்டுதான்.

2005-இல் வந்த தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று வரைபடங்களை இரண்டாகப் பிரித்தது. 2017-இல் இந்திய நில அளவைத் துறை, பொது வரிசையின் 1:50,000 தாள்களை ஆதார் எண்ணுடன் பதிவு செய்து இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வழி செய்தது. உண்மையான மாற்றம் 2021 பிப்ரவரியில் வந்தது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதல்களின்படி, இந்திய நிறுவனம் வரைபடம் எடுக்கவோ தயாரிக்கவோ வெளியிடவோ முன் அனுமதியும் உரிமமும் தேவையில்லை. வழிகாட்டுதல்களுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறோம் என்று தாங்களே சான்றளித்தால் போதும். பொதுப்பணத்தில் உருவான தரவு, பாதுகாப்பு அமைப்புகளின் இரகசியத் தரவு நீங்கலாக, எல்லா இந்திய நிறுவனங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. 2022 டிசம்பரில் வந்த தேசிய புவியிடக் கொள்கை இதன் தொடர்ச்சி. பெரிய நிறுவனங்கள் உடனே களத்தில் இறங்கின. தெருக்களைப் படம்பிடித்துக் காட்டும் கூகுளின் சேவை 2022-இல் இரண்டு இந்திய நிறுவனங்களின் கைபிடித்துக்கொண்டு மறுபடி இந்தியாவுக்கு வந்தது இந்த மாற்றத்தால்தான். பலன் பெரியவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மூன்று பேர் நடத்தும் உங்கள் நிறுவனமும் அதே விதியின் கீழ்தான் வருகிறது.

இலவசம் என்பதற்காகத் தாளை அப்படியே மறுபதிப்புச் செய்து விற்றுவிடாதீர்கள். தாளை இறக்கும் நாளில் தளத்தில் இருக்கும் பயன்பாட்டு நிபந்தனைப் பக்கத்தையும் சேர்த்துச் சேமித்து வையுங்கள். செயலியில் மூலத்தையும் தாள் எண்ணையும் ஆண்டையும் குறிப்பிடுங்கள். தாளில் உள்ள வாய்க்கால்களை நீங்களே வரைந்து, களத்தில் சரிபார்த்து, உங்கள் வரைபடமாகக் கொடுப்பதுதான் தொழிலுக்கும் நல்லது.

இனி எந்தத் தாள் என்று பார்ப்போம். பழைய எண்முறையில் டெல்டாவின் நடுப்பகுதி 58 என். அதில் தஞ்சாவூர் 58 என்/1, கும்பகோணம் 58 என்/5, திருவாரூர் 58 என்/9, நாகப்பட்டினம் 58 என்/13. மயிலாடுதுறை மட்டும் 11 டிகிரிக் கோட்டைத் தாண்டி வடக்கே இருப்பதால் 58 எம்-க்குப் போய்விடும். குடவாசல் 58 என்/5-இல்தான் இருக்கிறது, ஆனால் கிழக்கு ஓரத்தில். உங்கள் வடிகால்கள் கிழக்கு நோக்கி ஓடுகிறவை. ஊர் ஒரு தாளில், தண்ணீர் போய்ச் சேரும் இடம் அடுத்த தாளில். எனவே 58 என்/9-ஐயும் சேர்த்தே இறக்குங்கள். பொது வரிசையில் எண்முறை வேறு. நம் பகுதித் தாள்கள் சி44 என்று தொடங்கும். எண் தெரியாவிட்டாலும் தளத்தில் ஊர்ப் பெயரை வைத்துத் தேடலாம்.

அந்தத் தாளில் என்ன எதிர்பார்க்கலாம்? 1:50,000 என்றால் ஒரு சென்டிமீட்டர் அரை கிலோமீட்டர். அரை மில்லிமீட்டர் நீலக்கோடு தரையில் 25 மீட்டர். உங்கள் வடிகாலின் அகலம் மூன்று மீட்டர் என்றால், கோட்டின் தடிப்பிலேயே வடிகாலும் இரு கரையும் பக்கத்து வயலும் அடங்கிவிடும். வடிகால் எந்தத் திசையில் ஓடியது, எந்த ஆற்றில் சேர்ந்தது என்பதைத் தாள் சொல்லும். யாருடைய வரப்பு எத்தனை அடி உள்ளே நகர்ந்தது என்பதைச் சொல்லாது. ஆறும், ஆற்றிலிருந்து பிரியும் பெரிய வாய்க்கால்களும் அதில் கிடைக்கும். அவற்றிலிருந்து கிளைக்கும் சிறிய சி, டி வகை வாய்க்கால்கள் பெரும்பாலும் கிடைக்காது. வயலுக்குள் போகும் கன்னி வாய்க்காலைத் தேடவே வேண்டாம்.

மேடு பள்ளத்திலும் அதே கதைதான். இந்தத் தாள்களில் சமஉயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டருக்கு ஒன்று. தஞ்சாவூர் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 50 மீட்டருக்குச் சற்று அதிகம். அங்கிருந்து கடல்வரை 80 கிலோமீட்டருக்கு இறங்குவது அவ்வளவுதான், கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. திருவாரூர்த் தாளில் சமஉயரக் கோட்டையே தேட வேண்டியிருந்தால் வியக்காதீர்கள். சம்பா மூழ்குவதும் மூழ்காததும் இங்கே ஒரு முழ உயரத்தில் முடிவாகிற விஷயம்.

இந்தத் தட்டைத்தன்மை நிலம் அளக்க வந்தவர்களைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன், டெல்டாவுக்கு வந்தபோது ஏறி நின்று பார்க்க ஒரு குன்றுகூட இல்லை. எங்கும் தென்னையும் பனையும். கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில், கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே இழுக்கும்போது அது சுவரில் மோதி நசுங்கியது. வேறு யாராக இருந்தாலும் மூட்டை கட்டியிருப்பார்கள். அவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து கருவியின் வளைந்துபோன அளவு வட்டத்தைத் தட்டி நிமிர்த்தி மீண்டும் வேலைக்குக் கொண்டுவந்தார். பெரிய கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நான் விமானத்தை அண்ணாந்து பார்ப்பது பாதி பக்தி, பாதி தொழில்.

ஆகவே உயரத்துக்கு டோப்போ ஷீட்டை நம்பாதீர்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவும் இங்கே உதவாது, அதன் பிழையே சில மீட்டர். நில அளவைத் துறையின் உயரக் குறிக்கல்லிலிருந்து மட்டம் எடுத்து, ஆட்டோ லெவல் என்னும் மட்டம் பார்க்கும் கருவியை வைத்து நீங்களே அளக்க வேண்டும். அப்போது 2021 வழிகாட்டுதலின் இன்னொரு விதிக்குள் வருகிறீர்கள். கிடைமட்டத்தில் 1 மீட்டரையும், உயரத்தில் 3 மீட்டரையும் விட நுட்பமான தரவை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில்தான் வைக்க வேண்டும், அங்கேதான் கையாள வேண்டும். உங்கள் அளவை நிச்சயமாக அதைவிட நுட்பமானது. மேகச் சேமிப்பு வாங்கும்போது மும்பையோ ஐதராபாத்தோ என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். விலை குறைவு என்று வெளிநாட்டு சர்வரில் போட்டுவிட வேண்டாம்.

பழைய வரைபடங்கள்தான் இந்த வேலையின் சுவையான பகுதி. கையைச் சுட்டுக்கொள்வதும் இங்கேதான். ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் வெளியான பழைய தாள்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் சில ஸ்கேன் செய்து வைத்திருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்திலும் தேடலாம். பதிப்புரிமை பற்றிக் கவலை வேண்டாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அரசு வெளியீட்டுக்குப் பாதுகாப்பு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான். 1930-களின் தாள் எப்போதோ பொதுவுடைமை ஆகிவிட்டது. ஸ்கேன் கொடுக்கும் நூலகம் தனி நிபந்தனை வைத்திருந்தால் அதை மட்டும் மதியுங்கள்.

ஆண்டு அச்சாகாத தாள் கைக்கு வந்தால் தஞ்சாவூருக்குத் தெற்கே பாருங்கள். கல்லணைக் கால்வாய், அதாவது நம் புதுஆறு, இல்லையென்றால் அந்த அளவை 1934-க்கு முந்தையது. மேட்டூர் அணையோடு வந்த கால்வாய் அது. கொள்ளிடத்தில் முக்கொம்பு மேலணையும் அணைக்கரைக் கீழணையும் இல்லாவிட்டால் 1836-க்கும் முந்தைய அபூர்வம், பத்திரமாக வையுங்கள்.

தாளின் ஓரக் குறிப்பைப் படிக்காமல் கணினியில் ஏற்றாதீர்கள். சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையைப் பழைய காலத்தில் 80 டிகிரி 17 நிமிடம் 21 விநாடி என்று கொண்டிருந்தார்கள். பிறகு அது 80 டிகிரி 14 நிமிடம் 54 விநாடி என்று திருத்தப்பட்டது. வித்தியாசம் 2 நிமிடம் 27 விநாடி, நம் பகுதியில் ஏறக்குறைய நான்கரை கிலோமீட்டர். தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஓரக் குறிப்பைப் பார்க்காமல் ஒரு தாளை ஏற்றினேன். ஒரு கிராமத்தின் கோயில் குளம் மூன்று கிராமம் தாண்டிப் போய் உட்கார்ந்தது. அதைத் திருத்திய பிறகும் வேலை முடியாது. பழைய தாள்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பழைய கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. கைப்பேசியின் ஜிபிஎஸ் வேறு அடிப்படையில் இயங்குகிறது. மாற்றாமல் ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டால் நூறு மீட்டருக்கு மேலும் விலகும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் பழைய அடிப்படையைத் தேர்ந்து, பிறகு மாற்றுங்கள். ஒப்பிட எடுக்கும் புள்ளிகள் இடம் மாறாதவையாக இருக்கட்டும். கோயில் குளத்தின் மூலை, பழைய ரயில் பாலம், தேவாலயக் கோபுரம் போன்றவை போதும். ஆற்று வளைவு, சாலைச் சந்திப்பு வேண்டாம்.

பழைய தாளுக்கும் இன்றைக்கும் இடைப்பட்ட காலத்தைப் பார்க்க இன்னொரு வழி உண்டு. அமெரிக்கா 1960 முதல் 1972 வரை எடுத்த கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள் 1995-இல் பகிரங்கமாக்கப்பட்டன. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் ஏற்கெனவே ஸ்கேன் ஆனவை இலவசம். நல்ல நாளில் எடுத்த படம் கிடைத்தால் வயல் வரப்புகளே தெரியும்.

இப்போது ஆக்கிரமிப்பு. அதற்கான வரைபடம் வேறு துறையில் இருக்கிறது. டோப்போ ஷீட் நிலத்தின் தோற்றத்தைக் காட்ட வரைந்தது. எல்லையைச் சொல்வது மாநில நில அளவை, நிலவரித் திட்டத் துறையின் புலப்படம். தாலுகா அலுவலகத்தில் எஃப்எம்பி என்றால்தான் புரியும். அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். புலத்துக்கு நடுவே ஜி லைன் என்னும் அடிப்படை அளவுக்கோடு, அதிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்தாக எடுத்த சிறு சிறு அளவுகள், மூலைகளில் கல் குறிகள். பழைய ஏடாக இருந்தால் அளவுகள் லிங்க்ஸில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, அதில் நூறில் ஒன்று லிங்க். இந்த எண்களை வைத்துத்தான் சர்வேயர் களத்தில் வாய்க்காலின் அகலத்தை மீட்டெடுக்கிறார். 1923-ஆம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டத்தின் பலம் இதற்குத்தான் உண்டு. பட்டாவையும் புலப்படத்தையும் மாநில அரசின் இ-சேவைத் தளத்தில் பார்க்கலாம். முழுக் கிராம வரைபடத்துக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள நில அளவை உதவி இயக்குநரிடம் விண்ணப்பியுங்கள்.

கிராமத்தின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் வடிகாலின் புல எண் 'வாய்க்கால் புறம்போக்கு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய பதிவேட்டில் இல்லாவிட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். 1979-இல் தொடங்கிய யுடிஆர் என்னும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் எண்கள் உட்பிரிவாகி மாறியிருக்கும். யுடிஆருக்கு முந்தைய அ-பதிவேட்டையும் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டையும் கேளுங்கள். என் அனுபவத்தில் காணாமல்போன வடிகால்களில் பல அந்த ஒப்பீட்டுப் பட்டியலில்தான் அகப்படுகின்றன.

ட்ரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால், 2021 ட்ரோன் விதிகளின்படி வணிக வேலைக்கு 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை இயக்க விமானிச் சான்றிதழ் வேண்டும். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் மேற்குப் பக்கம் வேலை வந்தால் ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று நிறத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள். அத்தகைய இடங்களைச் செயலியில் பெயரிட்டுக் காட்டவும் கூடாது. செயலியின் முகப்பில் சிறிய இந்திய வரைபடம் போடுவதானால் அதை நில அளவைத் துறை வெளியிட்டதிலிருந்து எடுங்கள். எல்லைக்கோடு தவறினால் அது தண்டனைக்குரிய குற்றம்.

செயலியில் மூன்று நிறங்கள் போதும்: டோப்போ ஷீட்டிலிருந்து வந்தது ஒன்று, புலப்படத்திலிருந்து வந்தது ஒன்று, நீங்கள் களத்தில் அளந்தது ஒன்று. ஒவ்வொரு கோட்டைத் தொட்டாலும் ஆண்டும் மூலமும் தெரிய வேண்டும். பத்துக் கிராமத்துக்கும் யுடிஆருக்கு முந்தைய பதிவேட்டு நகல் கேட்டு, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்ட மனுவை இந்த வாரமே போட்டுவிடுங்கள். பதில் வர முப்பது நாள் ஆகும். அதற்குள் இரண்டு தாள்களையும் ஏற்றி முடித்துவிடலாம்.