வெப்சாக்கெட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: புது ஆர்டர் வந்ததா என்று எங்கள் பக்கம் 2 விநாடிக்கு ஒருமுறை சர்வரைக் கேட்கிறது. பிரவுசரும் சர்வரும் இரு பக்கமும் பேச எப்போதும் திறந்தே இருக்கும் இணைப்பான வெப்சாக்கெட்டுக்கு மாறலாமா?

இப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பதைக் கட்டாயம் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் குக்கீ, ஹெடர் (கோரிக்கையோடு போகும் விவரங்கள்) எல்லாம் போய் வருகின்றன. கிடைப்பதோ பெரும்பாலும் வெற்றுப் பதில். ஆனால் உங்களுக்கு வெப்சாக்கெட் வேண்டாம் என்பேன். தகவல் சர்வரிலிருந்து மட்டும்தானே வருகிறது? அதற்கு எஸ்எஸ்இ (சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ்: சர்வர் மட்டும் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும் வழி) போதும். சாதாரண எச்டிடிபியிலேயே ஓடும். அறுந்தால் பிரவுசரே மறுபடி இணைத்துக்கொள்ளும். எச்டிடிபியின் 2ஆம் பதிப்பில் ஓடட்டும்; 1.1 என்றால் பிரவுசர் ஒரு டொமைனுக்கு 6 இணைப்புதான் திறக்கும், நாலைந்து டேப் திறந்தாலே திணறும்.

சாட், விளையாட்டு, பலர் சேர்ந்து திருத்தும் ஆவணம் என்று இரு பக்கமும் ஓயாமல் பேசும் இடத்தில்தான் வெப்சாக்கெட் பளிச்சிடும். தொடக்கத்தில் வெப்சாக்கெட்டுக்கு மாறலாமா என்று கேட்கும் ஒரு 'அப்கிரேட்' கோரிக்கை, 'மாறுகிறேன்' என்னும் சர்வரின் 101 பதில், அவ்வளவுதான். பிறகு 125 பைட் வரையிலான செய்திக்குக் கூடுதல் சுமை சர்வரிலிருந்து 2 பைட், பிரவுசரிலிருந்து 6 பைட்.

கேள்வி: என் கணினியில் நன்றாக ஓடுகிறது. சர்வரில் ஏற்றினால் சரியாக ஒரு நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடுகிறது. முன்னால், கோரிக்கைகளை வாங்கிச் சர்வருக்குக் கடத்தும் என்ஜின்எக்ஸ் இருக்கிறது.

அந்த ஒரு நிமிடம்தான் துப்பு. பின்னாலுள்ள சர்வரிடமிருந்து 60 விநாடி எதுவும் வராவிட்டால் என்ஜின்எக்ஸ் இணைப்பை மூடிவிடும். இயல்பு அமைப்பே அதுதான். நேரத்தைக் கூட்டலாம். அதைவிட, சர்வர் 30 விநாடிக்கு ஒரு 'பிங்' (இருக்கிறாயா என்று கேட்கும் சின்னச் செய்தி) அனுப்பட்டும். பிரவுசர் தானாகவே 'பாங்' சொல்லும். பாங் வராத இணைப்பைச் சர்வர் மூடிவிடலாம். பிரவுசர் ஜாவாஸ்கிரிப்டில் பிங் அனுப்ப வழியில்லை, ஆகவே இது சர்வரின் வேலை.

பிங் வைத்தாலும் இணைப்பு அறுகத்தான் செய்யும். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலே போதும். வெப்சாக்கெட் தானாக மீளாது. அதற்கான நிரலை நீங்கள்தான் எழுத வேண்டும். மறுபடி இணைய முயலும்போது 1, 2, 4 விநாடி என இடைவெளியைக் கூட்டுங்கள்; அதில் கொஞ்சம் தற்செயல் நேரமும் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்வரை ரீஸ்டார்ட் செய்த கணமே எல்லோரும் ஒன்றாக வந்து மோதுவார்கள். ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் கொடுங்கள். மீண்டும் இணைந்ததும் '418 வரை வந்தது' என்று பிரவுசர் சொன்னால் 419இலிருந்து அனுப்பலாம்.

கேள்வி: இரண்டாவது சர்வர் சேர்த்ததும் சாட் செய்தி பாதிப் பேருக்குப் போகவில்லை.

ஒவ்வொரு சர்வருக்கும் தன்னிடம் இணைந்தவர்களை மட்டுமே தெரியும். நடுவில், ஒரு சர்வர் தரும் செய்தியை மற்றவற்றுக்கும் பரப்பும் ரெடிஸ் பப்-சப் வையுங்கள். அது செய்தியைச் சேமிக்காது. முதலில் டேட்டாபேஸில் எழுதிவிட்டுப் பிறகு அனுப்புங்கள்.

கேள்வி: கோர்ஸ் (வேறு தளத்தின் பக்கம் நம் சர்வரின் பதிலைப் படிக்கலாமா என்று சொல்லும்) விதிகள் போட்டிருக்கிறோம். பாதுகாப்புக்குப் போதுமா?

போதாது. வெப்சாக்கெட்டைக் கோர்ஸ் தடுக்காது. குக்கீயை மட்டும் நம்பியிருந்தால், வேறொரு தளத்தின் பக்கம் உங்கள் பயனர் பெயரிலேயே இணைப்பைத் திறந்துவிடக்கூடும். இணைக்கும்போதே, கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று சொல்லும் 'ஆரிஜின்' ஹெடரைச் சர்வரில் சரிபாருங்கள். இதை இன்றே செய்துவிடுங்கள்.